இடுப்புத் தண்டுவடச் சுருக்கம்: கீஹோலா, ஓபனா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகெலும்பு ஆபரேஷனுக்கு முன்பும் பின்பும் வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். வருகிறவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அதில் பாதியை டாக்டரிடம் கேட்கத் தயங்கி என்னிடம் கேட்கிறார்கள். அவர்கள் கேட்கிற மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். உங்களைப் பரிசோதித்த டாக்டர் சொல்வதற்கு இது மாற்று இல்லை. அவர் முன்னால் உட்காரும்போது எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போகத்தான் இது.

ஸ்டெனோசிஸ்னு எழுதியிருக்காங்க. டிஸ்க் விலகினதைத்தான் அப்படிச் சொல்றாங்களா?

இல்லை, இரண்டும் வேறு. ஒருவருக்கே இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். முதுகெலும்புக்குள் நரம்புகள் இறங்கி வர ஒரு பாதை இருக்கிறது. வயதாக ஆக டிஸ்க் தேய்ந்து கொஞ்சம் பிதுங்கும், பின்பக்கச் சிறு மூட்டுகள் புடைக்கும், உள்ளே இருக்கும் மஞ்சள் நிறத் தசைநார் தடிக்கும். எல்லாம் சேர்ந்து நெருக்கும்போது பாதை குறுகிவிடுகிறது, அதுதான் ஸ்டெனோசிஸ், தமிழில் சுருக்கம். ரிப்போர்ட்டில் எல்4-எல்5 என்று போட்டிருப்பார்களே, இடுப்பின் நான்காவது ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே, அங்கேதான் அதிகம் வரும்.

டிஸ்க் விலகல் முப்பது வயதுக்காரருக்கும் திடீரென்று வரும், பலருக்குச் சில வாரங்களில் தானாகவே அடங்கும். ஸ்டெனோசிஸ் பெரும்பாலும் 60 வயதை ஒட்டி, மெல்ல மெல்ல வருவது.

நடந்தாதான் கால் இழுக்குது, உட்கார்ந்தா சரியாயிடுது. அப்போ இது நரம்புப் பிரச்சினை இல்லைதானே?

இதுதான் இந்த நோயின் முக்கிய அடையாளமே. நிமிர்ந்து நிற்கும்போதும் நடக்கும்போதும் அந்தப் பாதை இன்னும் குறுகும், குனிந்தால், உட்கார்ந்தால் விரியும். அதனால்தான் தெருமுனை வரை நடக்க முடியாதவர் சைக்கிளில் ஊரைச் சுற்றி வருகிறார், சூப்பர் மார்க்கெட்டில் டிராலியைப் பிடித்துக் குனிந்தபடி அரை மணி நேரம் நடக்கிறார். என்னிடம் வரும் பெரியவர்களுக்குக் கடைத்தெருவில் எந்தக் கடை வாசலில் உட்காரப் படிக்கட்டு இருக்கிறது என்பது மனப்பாடமாகத் தெரியும்.

ஆனால் கால் இரத்தக் குழாய் அடைப்பிலும் நடந்தால்தான் வலிக்கும். அதில் உட்கார வேண்டியதில்லை, நின்றாலே போதும், வலி போய்விடும். புகை பிடிப்பவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் பாதத்தில் நாடித்துடிப்பு இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். நடக்காமல் படுத்திருக்கும்போதே இரண்டு உள்ளங்காலும் எரிகிறது, மதமதப்பு இருக்கிறது என்றால் அது சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பாக இருக்கலாம். அதற்கு முதுகில் எந்த ஆபரேஷன் செய்தாலும் பலன் இல்லை. எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது, இந்த வேறுபாட்டைப் பார்க்காமலே ஆபரேஷன் வரை போய்விடுகிறவர்கள்தான்.

எம்.ஆர்.ஐ.ல "சிவியர்"னு போட்டிருக்கு. உடனே ஆபரேஷன் பண்ணலைன்னா கால் விழுந்துடுமா?

எம்.ஆர்.ஐ.யில் எவ்வளவு மோசமாகத் தெரிகிறதோ அவ்வளவு வலி இருக்கும் என்று இல்லை. படத்தில் மோசமான சுருக்கத்தோடு வலியே இல்லாமல் நடமாடுகிறவர்கள் உண்டு. பலருக்கு இந்த நோய் வருடக்கணக்கில் அதே நிலையில் நிற்கிறது. பெரும்பாலானவர்களுக்கு இந்த ஆபரேஷன் அவர்களே நேரம் எடுத்து முடிவு செய்யக்கூடியது. "என்னால் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, அது எனக்குப் போதுமா" என்பதுதான் அளவுகோல்.

அவசரம் என்றால் இவைதான்: சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போவது, மலம் கட்டுப்பாடு இழப்பது, ஆசனவாயைச் சுற்றியும் தொடை இடுக்கிலும் உணர்ச்சி போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் நாளுக்கு நாள் பலம் குறைவது. இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே, ராத்திரியானாலும், எமர்ஜென்சிக்குப் போங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

பிசியோ, ஊசி இதிலேயே சமாளிக்க முடியாதா?

நிறைய பேரால் முடியும். 2015-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆபரேஷனுக்குச் சம்மதித்திருந்த 169 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆபரேஷன், மறு பாதிக்கு முறையான பிசியோ என்று ஒதுக்கினார்கள். 2 வருடம் கழித்து இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நான் பிசியோதெரபிஸ்ட் என்பதால் இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துவது நியாயமாகாது: பிசியோ பிரிவில் இருந்தவர்களில் 57 சதவீதம் பேர் அந்த 2 வருடத்துக்குள் ஆபரேஷனுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் போகாமலே சமாளித்தார்கள் என்பதும் அதிலேயே இருக்கிறது.

முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசி பற்றி 2014-ல் 400 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. மரத்துப்போகும் மருந்தை மட்டும் போட்டவர்களோடு ஒப்பிட்டால், ஸ்டீராய்டும் சேர்த்துப் போட்டவர்களுக்கு 6 வாரத்தில் சொல்லும்படியான கூடுதல் பலன் இல்லை. சிலருக்குக் கொஞ்ச காலம் ஆசுவாசம் கிடைக்கிறது, அவ்வளவுதான். வருடக்கணக்கில் ஊசியைத் தொடர்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஓபன்னா என்ன, கீஹோல்னா என்ன? உள்ளே செய்யறது வேற வேறயா?

உள்ளே செய்ய வேண்டிய வேலை ஒன்றேதான். நரம்பை நெருக்கும் எலும்பையும் தடித்த தசைநாரையும் எடுத்து நரம்புக்கு இடம் தர வேண்டும். போகும் வழிதான் வேறு.

ஓபனில் கீழ் முதுகின் நடுக்கோட்டில் வெட்டி, முதுகெலும்பின் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் தசையை எலும்பிலிருந்து உரித்து விலக்கி, பின்பக்க எலும்பு வளைவை எடுப்பார்கள். லேமினெக்டமி என்பது இதுதான். கீஹோல் என்று பொதுவாகச் சொல்வதில் பல வகை உண்டு: மைக்ரோஸ்கோப் வைத்துச் சின்ன வெட்டில் செய்வது, சுமார் 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயைத் தசை நார்களுக்கு இடையே விலக்கி நுழைத்துச் செய்வது, எண்டோஸ்கோப்பில் ஒரு துளை அல்லது இரண்டு துளை போட்டுச் செய்வது. இவற்றில் தசையை உரிப்பது குறைவு, நடுவில் இருக்கும் எலும்பு முள்ளும் அதை இணைக்கும் தசைநார்களும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். முதுகை நிமிர்த்திப் பிடிப்பவை அவைதான் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, எது நல்லது?

சரி. ஒரு வருடம் கழித்து எவ்வளவு நடக்கிறீர்கள், கால்வலி எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். நார்வேயில் 885 நோயாளிகளை வைத்து ஓபன் லேமினெக்டமியையும் மைக்ரோஸ்கோப் வழி சின்ன ஆபரேஷனையும் ஒப்பிட்டு 2015-ல் வெளியிட்டார்கள். ஒரு வருட முடிவில் இரண்டும் சமம், சின்ன ஆபரேஷன்காரர்கள் ஆஸ்பத்திரியில் இருந்த நாள் குறைவு. அதே நாட்டில் 16 ஆஸ்பத்திரிகளில் 437 பேரிடம் மூன்று வகைச் சின்ன ஆபரேஷன்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு 2022-ல் வெளியிட்டதிலும், 2 வருட முடிவில் மூன்றும் சமம்தான்.

கீஹோலின் லாபம் முதல் சில வாரங்களில்தான் நன்றாகத் தெரியும். இரத்த இழப்பு குறைவு, காயத்தின் வலி குறைவு, எழுந்து நடப்பது சீக்கிரம். என் கண்ணுக்கே அது தெரிகிறது: முதல் நாள் கட்டிலிலிருந்து எழுப்பும்போது கீஹோல் செய்தவர் முகத்தில் அவ்வளவு பயம் இருக்காது. ஆனால் ஆறு மாதம் கழித்து என் எதிரில் நடந்து காட்டும்போது, சட்டையைத் தூக்கித் தழும்பைப் பார்க்காமல் யாருக்கு எது செய்தது என்று என்னால் சொல்ல முடியாது.

அவ்வளவு சின்ன ஓட்டை வழியா எல்லாம் தெரியுமா? எதையாவது விட்டுட்டா?

நியாயமான பயம். மைக்ரோஸ்கோப்பிலும் எண்டோஸ்கோப்பிலும் உள்ளே பெரிதாகவே தெரியும், ஒரு பக்கம் நுழைந்து அடுத்த பக்க நரம்பையும் விடுவிக்கும் முறையும் இருக்கிறது. ஆனால் இதற்குக் கை பழக வேண்டும். பழகாத கையில் ஓரமாகப் போகும் நரம்பில் அழுத்தம் மிச்சமிருந்துவிடலாம், நரம்பு உறை கிழியலாம். அதனால் வெட்டின் அளவைக் கேட்பதைவிட "இந்த முறையை நீங்கள் அடிக்கடி செய்கிறீர்களா" என்று கேட்பது மேல். ஓபன் மட்டுமே செய்து கை தேர்ந்த ஒருவர் செய்யும் ஓபன், அரைகுறையாகப் பழகியவர் செய்யும் கீஹோலைவிட எத்தனையோ மடங்கு நல்லது.

லேசர்லயே கரைச்சுடலாம்னு விளம்பரம் பார்த்தேன்?

ஸ்டெனோசிஸில் நெருக்குவது எலும்பும் தடித்த தசைநாரும். டிஸ்க்குக்குள் லேசர் விடுவதால் அவை கரையாது. லேசர் என்று பெயர் வைத்து விளம்பரம் செய்தால், எலும்பையும் தசைநாரையும் எதை வைத்து எடுக்கிறீர்கள் என்று நேராகக் கேளுங்கள்.

டாக்டர் ஸ்க்ரூவும் ராடும் போடணும்ங்கறார். அது கட்டாயமா?

ஸ்க்ரூவும் ராடும் முதுகெலும்புகளை அசையாமல் ஒன்றோடொன்று இணைத்துப் பிடிக்கப் போடுபவை. என்னைக் கேட்டால், இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். எல்லாரும் கீஹோலா ஓபனா என்று குழம்புகிறார்கள், ஸ்க்ரூ போடுவதா வேண்டாமா என்பதை டாக்டர் சொன்னபடி விட்டுவிடுகிறார்கள். ஆபரேஷனின் பளு, செலவு, ஆபத்து எல்லாவற்றையும் அதிகம் மாற்றுவது இந்த இரண்டாவது முடிவுதான்.

எலும்பு நகராமல் வெறும் சுருக்கம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் ஸ்க்ரூ தேவையில்லை. ஒரு எலும்பு மற்றதன் மேல் கொஞ்சம் முன்னால் நகர்ந்திருந்தால் கட்டாயம் ஸ்க்ரூ என்று முன்பு நினைத்தார்கள். 2016-ல் ஸ்வீடனில் 247 பேரிடம் செய்த ஆய்வில், எலும்பு நகர்ந்தவர்களையும் சேர்த்துப் பார்த்தும், ஸ்க்ரூ போட்டவர்கள் 2 வருடத்தில் கூடுதலாக ஒன்றும் முன்னேறவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்ததுதான் அதிகம், சராசரியாக 4 நாளுக்குப் பதில் 7 நாள். 2021-ல் நார்வேயில் எலும்பு நகர்ந்த 267 பேரை மட்டும் எடுத்து ஒப்பிட்டார்கள். நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் ஸ்க்ரூ இல்லாமல் 71 சதவீதம், ஸ்க்ரூவோடு 73 சதவீதம். மறு ஆபரேஷன் தேவைப்பட்டது முறையே சுமார் 12-ம் 9-ம் சதவீதம். அமெரிக்காவில் 66 பேரை மட்டும் வைத்துச் செய்த ஓர் ஆய்வில் ஸ்க்ரூ போட்டவர்கள் ஓரளவு மேலாக இருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அப்போது யாருக்குத் தேவை? குனிந்து நிமிர்ந்து எடுக்கும் எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக அசைந்தால், முதுகு பக்கவாட்டில் வளைந்திருந்தால், நரம்பை விடுவிக்க மூட்டையே பெருமளவு எடுக்க வேண்டியிருந்தால், ஏற்கனவே ஆபரேஷன் செய்த இடம் தளர்ந்திருந்தால். ஆகவே "எனக்கு அசைவு இருக்கிறதா, அந்த எக்ஸ்ரேயைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அந்த எக்ஸ்ரே எடுக்காமலே ஸ்க்ரூ என்று சொன்னால் இன்னொரு டாக்டரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கீஹோல்லயே ஸ்க்ரூ போடறாங்களாமே, அப்போ அது சின்ன ஆபரேஷன்தானே?

தோலில் வெட்டு சின்னது, ஆபரேஷன் சின்னதில்லை. எலும்புகளை இணைப்பதும் அவை ஒன்றாகச் சேர மாதக்கணக்கில் காத்திருப்பதும் அப்படியேதான் இருக்கும். "கீஹோல்" என்ற ஒரு சொல்லைக் கேட்டு ஸ்க்ரூவுக்கும் சேர்த்துத் தலையாட்டிவிடாதீர்கள். மேலே சொன்ன கேள்விகளை இங்கேயும் கேட்க வேண்டும்.

அப்போ ஓபன்தான் சரின்னு யாருக்குச் சொல்வாங்க?

பல இடங்களில் மோசமான சுருக்கம் இருப்பவர்கள், அதே இடத்தில் முன்பே ஆபரேஷன் செய்து உள்ளே தழும்பு ஒட்டியிருப்பவர்கள், முதுகு வளைந்தவர்கள். கைராசியான டாக்டர் ஓபனில்தான் கை தேர்ந்தவர் என்றால் அதுவும் ஒரு காரணம்தான். உடல் பருமன் உள்ளவர்களுக்கு ஓபனில் வெட்டு ரொம்பப் பெரிதாகப் போகும் என்பதால் குழாய் முறை வசதி.

அம்மாவுக்கு 78 வயசு, சுகர், பிபி, ஸ்டென்ட் வேற வெச்சிருக்கு. தாங்குவாங்களா?

வயதை மட்டும் வைத்து முடியாது என்று சொல்வதில்லை. 80 வயதில் செய்துகொண்டு நன்றாக நடப்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் முதியோர் காப்பீட்டுத் தகவல்களை வைத்து 2010-ல் வந்த ஆய்வின்படி, உயிருக்கு ஆபத்தான சிக்கல் நரம்பை விடுவிப்பதோடு நிறுத்தியவர்களில் 2.3 சதவீதம், பெரிய அளவில் எலும்பு இணைப்பும் செய்தவர்களில் 5.6 சதவீதம். வயதானவர்களுக்கு ஸ்க்ரூ கேள்வியை அழுத்தி அழுத்திக் கேட்கச் சொல்வது இதனால்தான். இப்படிப்பட்டவர்களுக்குக் கீஹோலின் குறைந்த இரத்த இழப்பும் சீக்கிரம் எழுந்து நடப்பதும் உண்மையிலேயே பெரிய உதவி.

மூன்று மாதச் சர்க்கரை அளவு (HbA1c) 8-ஐத் தாண்டியிருந்தால் பல டாக்டர்கள் குறைத்துக்கொண்டு வரச் சொல்வார்கள், காயம் ஆறுவதற்கும் சீழ் பிடிக்காமல் இருப்பதற்கும் அது அவசியம். ஸ்டென்டுக்காகச் சாப்பிடும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவே கூடாது. எப்போது நிறுத்துவது, நிறுத்தலாமா என்பதை இதய டாக்டரும் முதுகு டாக்டரும் பேசி முடிவு செய்ய வேண்டும்.

முதுகுல கை வெச்சா கால் போயிடும்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க?

இந்தப் பயத்திலேயே பல வருடம் வீட்டுக்குள் முடங்கிவிடுகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. கால் செயலிழப்பது மிக மிக அரிது. நடக்கக்கூடியவை வேறு: நரம்பைச் சுற்றிய உறை கிழிவது (பெரும்பாலும் அங்கேயே அடைத்துவிடுவார்கள், ஓரிரு நாள் படுத்திருக்கச் சொல்லலாம்), சீழ், உள்ளே இரத்தம் கட்டுவது, காலில் இரத்தம் உறைவது. உறை கிழிவது கீஹோல், ஓபன் இரண்டிலும் நடக்கும். வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல், காயத்தில் நீர் வடிதல், கெண்டைக்காலில் வீக்கம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள்.

எப்போ எழுந்து நடக்கலாம்? தரையில உட்காரலாமா?

ஸ்க்ரூ இல்லாத ஆபரேஷனில் பெரும்பாலும் அன்றைக்கு மாலையோ மறுநாளோ நடக்க வைப்போம். எழும் முறை முக்கியம்: மல்லாந்து படுத்தபடி அப்படியே எழக் கூடாது. முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களித்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழ வேண்டும். முதல் இரண்டு முறை தலை சுற்றலாம், பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.

தரையில் சம்மணம் போடுவது, குந்தும் கழிப்பறை, தண்ணீர்க் குடம் தூக்குவது, இவற்றை டாக்டர் சொல்லும் வரை, பொதுவாக ஆறு வாரமாவது, தள்ளிவையுங்கள். வீட்டில் மேல்நாட்டுக் கழிப்பறை இல்லையென்றால் நடுவில் ஓட்டை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி கிடைக்கிறது, ஆபரேஷனுக்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். கீஹோல் என்பதால் இரண்டாம் வாரமே மூட்டை தூக்கியவர்கள் இருக்கிறார்கள். வெளியே காயம் சின்னதாக இருந்தாலும் உள்ளே ஆற வேண்டியது ஆறியாக வேண்டும்.

ஆபரேஷன் முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு. கால்வலி போச்சு, மரமரப்பும் இடுப்பு வலியும் போகல. ஆபரேஷன் தோல்வியா?

பெரும்பாலும் இல்லை. இந்த ஆபரேஷன் கால்வலிக்கும் நடக்கும் தூரத்துக்குமானது. கால்வலி முதலில் போகும், பலம் மெல்லத் திரும்பும், மரமரப்பு கடைசி, அது ஒரு வருடம் வரைகூட இழுக்கும். ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்த நரம்பென்றால் கொஞ்சம் நிலைத்தும் விடலாம். இடுப்பு வலி தேய்ந்த மூட்டிலிருந்து வருவது, அதற்குப் பயிற்சிதான் வழி. ஆபரேஷனுக்கு முன்னாலேயே கால்வலியைவிட இடுப்பு வலிதான் அதிகம் என்றால் பலன் குறைவாகத்தான் இருக்கும், இதை முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிட வேண்டும். நடை தள்ளாடுகிறது, சட்டை பட்டன் போடக் கை தடுமாறுகிறது என்றால் கழுத்திலும் சுருக்கம் இருக்கலாம், அதைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

திரும்ப வருமா?

எடுத்த எலும்பு கொஞ்சம் வளரலாம், அடுத்த அடுக்கு தேயலாம், அதனால் சிலருக்கு வரும். அமெரிக்காவில் ஆபரேஷன் செய்தவர்களையும் செய்யாதவர்களையும் 8 வருடம் தொடர்ந்து பார்த்த பெரிய ஆய்வில், முதல் 4 வருடம் ஆபரேஷன்காரர்கள் தெளிவாக மேலாக இருந்தார்கள். அதற்குப் பிறகு, குலுக்கல் முறையில் சிகிச்சை ஒதுக்கப்பட்டவர்களிடம் இந்த வித்தியாசம் குறைந்துகொண்டே வந்தது, தாங்களே சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தவர்களிடம் நீடித்தது. வாழ்நாள் உத்தரவாதம் என்று யாரும் தர முடியாது. ஆனால் 70 வயதில் நான்கு வருடம் வலியில்லாமல் நடப்பது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அதை இழந்தவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

காப்பீட்டுல கீஹோல் வருமா?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. தனியார் பாலிசி என்றால் காத்திருப்புக் காலம் முடிந்ததா பாருங்கள். எந்தத் திட்டமானாலும், உங்களுக்குச் செய்யப்போகும் முறை, ஸ்க்ரூ, எண்டோஸ்கோப் கட்டணம் எல்லாம் அதில் அடங்குமா என்று காப்பீட்டுப் பிரிவில் எழுத்தில் வாங்குங்கள். கீஹோல் கிடைக்காது, ஓபன்தான் கிடைக்கும் என்றால் அதற்காகக் கடன் வாங்க வேண்டாம். காரணம் "எது நல்லது" என்ற கேள்வியிலேயே சொல்லிவிட்டேன்.

ரெண்டு டாக்டர் ரெண்டு விதமா சொல்றாங்க. யாரை நம்பறது?

இருவரும் சரியாக இருக்கலாம், அவரவர் கை பழகியதைச் சொல்லியிருக்கலாம். இருவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டுப் பதிலை எழுதி வையுங்கள்: என் வலி இந்த அடுக்கிலிருந்துதான் வருகிறது என்று எப்படித் தெரியும்? ஸ்க்ரூ தேவையா, ஏன்? உங்கள் முறையை வழக்கமாகச் செய்கிறீர்களா? பாதியில் ஓபனுக்கு மாற வேண்டி வந்தால் மாறுவீர்களா? செய்யாமல் ஆறு மாதம் பார்த்தால் என்ன ஆகும்? கடைசிக் கேள்விக்கு "ஒன்றும் ஆகாது, பார்க்கலாம்" என்று நிதானமாகச் சொல்லி, எந்த அறிகுறி வந்தால் ஓடி வர வேண்டும் என்றும் சொல்லிக் கொடுக்கிறவரிடம் நான் என் அப்பாவை அழைத்துப் போவேன், அவர் செய்வது கீஹோலாக இருந்தாலும் சரி, ஓபனாக இருந்தாலும் சரி.